நாலு அங்குலப் பொறி

செண்பகனூர்,
10-11-1964, செவ்வாய்க்கிழமை,
காலை மணி பத்து இருபது.
வீட்டில் எலிகளின் எண்ணிக்கை: பூஜ்யம்.

மரியாதைக்குரிய தாய்மாமா நாச்சிமுத்து அவர்களுக்கு, மருமகன் வேலுமணி பணிந்து எழுதுவது.

நலம் விசாரிக்க ஒரு பத்தி ஒதுக்க வேண்டும் என்பது வழக்கம். எனக்கு நேரம் குறைவு. தாங்கள் நலம், பாப்பம்மாள் அத்தை நலம், அடிவாரத்துப் பஞ்சாமிர்தக் கடை நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். அப்படி இல்லாவிட்டால் பதில் எழுதவும். இங்கே நான் நலம், இடது கைப் பெருவிரல் நகம் நீங்கலாக. அம்மா, தங்கச்சியின் பிரசவத்துக்காகத் திண்டுக்கல் போய் ஐந்து வாரம் ஆகிறது. அதனால்தான் வீட்டுத் தரையை நிம்மதியாக உடைக்க முடிந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். மேலே எழுதியுள்ள பூஜ்யத்தை இன்னொரு முறை பார்க்கவும். இந்த வீட்டில் எலி இல்லை. இருந்ததும் இல்லை. தாங்கள் பழனி பஸ்ஸில் அனுப்பிவைத்த எலிப்பொறிகள் நான்கும் வந்து சேர்ந்தன. கூடவே வைத்ததாக எழுதியிருந்த மசால் வடை நான்கும் வந்து சேரவில்லை. கண்டக்டரிடம் கேட்டேன். "எலிக்குன்னு சொல்லவே இல்லீங்களே, பார்சல்ல எண்ணெ வடிஞ்சிச்சு, பிரிச்சுப் பாத்தேன், பசி நேரம்" என்றார். எலிக்கு வைத்த வடையைத் தின்றுவிட்டோமே என்று அவர் வத்தலக்குண்டு வரைக்கும் வயிற்றைத் தடவிக்கொண்டே போனதாகக் கேள்வி. அது அவர் பாடு. என் பாடு என்னவென்றால், நான் கேட்டது எலிப்பொறியே அல்ல.

தாங்கள் இந்த வீட்டை இன்னும் பார்க்கவில்லை என்பதால் விளக்குகிறேன். அப்பா கடைசிக் காலத்தில் வாங்கிப் போட்ட வீடு இது, மலைச்சரிவில் இருக்கிறது. முன்னால் கட்டிய வெள்ளைக்காரத் துரை விதை உருளைக்கிழங்கு போட்டு வைக்கக் கூடத்துக்கு அடியில் ஓர் அறை தோண்டியிருக்கிறார். மழை பெய்தால் அந்தக் கீழறைச் சுவரில் தண்ணீர் கசிந்து இறங்கும். அது வெளியே போகத் தரை நடுவில் ஒரு துவாரம். துவாரத்துக்குக் கீழே வளைந்த குழாய்த் துண்டு ஒன்று இருக்கும். வளைவில் எப்போதும் ஒரு டம்ளர் தண்ணீர் தேங்கி நின்று, வெளிக் குழாயிலிருந்து நாற்றம் மேலே வராமல் பிடித்து வைக்கும். அந்த வளைந்த துண்டுக்கு இங்கிலீஷில் 'ட்ராப்'. நம்முடையது விரிசல் விட்டுப் போயிற்று. தண்ணீர் நிற்கவில்லை, நாற்றம் நேரே அடுக்களைக்கு வந்து என்னோடு காபி குடித்தது. இங்கே கடைகளில் அது கிடைக்காது, தங்கள் கடைக்குப் பக்கத்து இரும்புக் கடையில் கிடைக்கும் என்று தங்களுக்கு ஒரு கார்டு போட்டேன். நான் பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் பொறியியல் படித்து டிப்ளமோ வாங்கியவன். படித்ததைத் தமிழில் சொல்லத் தெரியாதவன் படித்தவனே இல்லை என்பது என் கட்சி. ஆகவே ட்ராப் என்பதைத் தமிழில், "கீழறைப் பொறி கெட்டுவிட்டது. நாலு அங்குலப் பொறி அவசரமாக வேண்டும்" என்று எழுதினேன். இதில் தவறு எங்கே? அங்குலத்தை விட்டுவிட்டு 'நாலு' என்பதை மட்டும் படித்தது பழனியில்.

அதோடு போயிருந்தால் நாலு பொறியையும் பரணில் போட்டுவிட்டு நான் என் சோலியைப் பார்த்திருப்பேன். ஆனால் பொறிகளோடு வந்த கடிதத்தில் அத்தை சொல்லியதாகத் தாங்கள் எழுதியிருந்ததை வரி மாறாமல் எடுத்து எழுதுகிறேன்: "நாலு பொறி வேணுமின்னா எத்தன எலி இருக்கும்! எலி இருக்குதுன்னா ஈரம் இருக்கும். ஈரத்துல எம்பொண்ணு இருமிக்கிட்டே கெடக்கணுமா? பதிமூணாந் தேதி வெள்ளிக்கெழம நானே வந்து பாக்கேன். அப்பளம் பொரிச்சு எடுத்தாறேன். அந்தக் கீழ் ரூம்புல ஒரு நாழி வப்பேன். நமுத்துச்சுன்னா பேச்சே இல்ல, பாலசமுத்திரத்துத் தென்னந்தோப்பு மாப்பிள்ளைக்குத் தாக்கல் சொல்லிருவேன்."

மாமா, இரண்டு வருஷமாகக் கண்மணியை எனக்கு என்று பேசி வைத்திருக்கிறீர்கள். அதை ஓர் அப்பளத்தின் தீர்ப்புக்கு விடுவது முறையா என்று நான் கேட்கவில்லை. அப்பளம் ஓர் அளவுமானி அல்ல என்று மட்டும் சொல்கிறேன். ஐப்பசி மாதம் கோடைக்கானல் மலையில் அப்பளம் எங்கே வைத்தாலும் நமுக்கும். இன்று காலை நானே பொரித்துக் கடிகாரம் பார்த்தேன். அடுக்களை மேடையில் ஆறு நிமிடம். கூடத்தில் ஒன்பது. என் சட்டைப் பையில் நாலு. கீழறையில் பதினொன்று. ஆக, இந்த வீட்டிலேயே காய்ந்த இடம் கீழறைதான் என்று கணக்கு சொல்கிறது. அத்தையிடம் இதைச் சொல்லவும். சட்டைப் பை விவரம் வேண்டாம்.

பெண் வீட்டார் வந்தால் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள், அதுவும் எனக்குத் தெரியும். பக்கம் என்றால் இங்கே ஒரே ஒரு வீடு. எங்களுக்குக் கீழ்ச்சரிவில் உபகாரம் டீச்சர், பென்ஷன் வாங்கிக்கொண்டு பீன்ஸும் பூச்செடியும் வளர்க்கிறார். அவர் சொல்வதற்கு முன் நான் சொல்லிவிடுவது நல்லது. உடைப்பதற்கு முன் குழாய் எங்கே போய் முடிகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும் அல்லவா? அதற்குப் படித்தவன் செய்கிற காரியம் சாயத் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது. நான் இரண்டு வாளித் தண்ணீரில் தரைக்குப் போடுகிற சிவப்புக் காவிப் பொடியைக் கரைத்துத் துவாரத்தில் ஊற்றிவிட்டு, வெளியே ஓடி மேல் வரப்பில் நின்றேன். ஊற்றிய அளவு கொஞ்சம் அதிகம், ஒப்புக்கொள்கிறேன். குழாய் முடிகிற இடம் டீச்சர் வீட்டுத் துணி துவைக்கிற கல்லுக்கு நேர் மேலே என்று எனக்கு எப்படித் தெரியும்? அது தெரியாததால்தானே சோதனை! அன்று திங்கட்கிழமை, அவர் தம்முடைய வெள்ளைச் சேலைகள் அத்தனையையும் ஊறப்போட்டிருந்தார்.

"ஆண்டவரே, தண்ணியெல்லாம் ரத்தமா வருதே! எகிப்து தேசத்து வாதையில்ல இது!" என்று ஒரு சத்தம். நான் மேலிருந்து, "டீச்சர், பயப்படாதீங்க, சோதனை!" என்று கத்தினேன். அவர் முழங்காலில் விழுந்துவிட்டார். வானத்திலிருந்து சோதனை என்று குரல் வந்தால் வேதக்காரர்கள் வேறு எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று பிறகுதான் எனக்கு உறைத்தது. இறங்கிப் போய் ட்ராப், குழாய், காவிப் பொடி என்று படம் போட்டு விளக்கினேன். கேட்டுவிட்டு, "ஏலே வேலுமணி, எனக்கு விசுவாசம் திரும்பி வந்த நேரத்துல நீ வந்து அதையும் கெடுத்துட்டியே" என்றார். இப்போது அவரிடம் ஏழு ரோஜா நிறச் சேலைகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அதைத்தான் கட்டிக்கொண்டு போகிறார். யார் காரணம் கேட்டாலும் நிறுத்தி நிதானமாக என் பெயரை, இனிஷியலோடு, சொல்கிறார். தாங்கள் விசாரிக்கப் போனாலும் சொல்வார். மற்றபடி என் ஒழுக்கத்தில் குறை சொல்ல அவருக்கு ஒன்றுமில்லை.

அடுத்தது ஜெபதுரை அண்ணன். இங்கே மிஷன் கட்டடங்கள் பலவற்றுக்கும் குழாய் வேலை பார்க்கிறவர், அந்த வேலையில் இருபது வருஷப் பழக்கம். பழனியில் இருந்து வந்தது எலிப்பொறி என்று ஆனபிறகு, வேறு வழியில்லாமல் அவரிடம் போய் நின்றேன். நாலு அங்குலப் பொறி இருக்கிறதா என்று கேட்டேன்.

"நஹானி ட்ராப்பா தம்பி?"

"அதற்குத் தமிழில் பொறி அண்ணே."

"எனக்குத் தமிழ் தெரியும் தம்பி, ட்ராப்புக்குத்தான் தமிழ் தெரியாது. மிஷன் பெரிய வீட்டுல கழட்டின பழசு ஒண்ணு கெடக்கு, நல்லாருக்கும். நான் வந்து வெரசா மாட்டிக் குடுத்திருதேன்."

"வேண்டாம் அண்ணே, நானே மாட்டிக்கொள்வேன். நான் இதற்குப் படித்தவன்."

"அதான் தம்பி பயமா இருக்கு."

ட்ராப்பை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மாமா, ஒரு வீட்டுக்காரன் தன் வீட்டுத் தரையைத் தானே செப்பனிட முடியாது என்றால் பிறகு அரசாங்கம் எதற்காக இத்தனை பாலிடெக்னிக்குகளைத் திறந்து வைத்திருக்கிறது?

ஐந்தாம் தேதி வேலையைத் தொடங்கினேன். துரை போட்ட தரை, ஆறு அங்குலக் கனம். முதலில் உளியும் சுத்தியலும், பிறகு கடப்பாரை, நடுவில் பெருவிரல். பழைய ட்ராப் நாலு துண்டாக வெளியே வந்தது. அதை எடுத்தவுடன் குழாய் வாய் திறந்து நாற்றம் ஆளைத் தள்ளியது. கல்லும் மண்ணும் வேறு உள்ளே விழும். ஆகவே விதிப்படி ஒரு துணியைச் சுருட்டி, குழாய் வாயில் இறுக்கமாக அடைத்துவிட்டு வேலை பார்த்தேன். (இதை ஜெபதுரை அண்ணனாக இருந்தால் செய்திருக்கமாட்டார், சாக்கைப் போட்டு மூடியிருப்பார். படிப்பு என்பது இங்கேதான் தெரியும்.) புது ட்ராப்பை இறக்கி, ரசமட்டம் வைத்து, மட்டம் பார்த்து, ஒன்றுக்கு மூன்று சிமெண்டு கலவை போட்டுக் கரணையால் பூசினேன். சுற்றிலும் தரைக்கு அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் கொடுத்தேன். வாட்டம் என்றால் தண்ணீர் ஓடிப்போகத் தரையைச் சரிவாக வைப்பது, கொத்தனார் சொல். வீட்டில் எல்லோரும் வாடிக் கிடக்கிறோம் என்று பழனியில் யாரும் அர்த்தம் பண்ணி, தைலமும் கஷாயமும் பஸ்ஸில் ஏற்றி அனுப்ப வேண்டாம்.

ஐந்து நாளாக மழையும் இல்லை. கலவை நன்றாக இறுகிவிட்டது. நாற்றம் அறவே இல்லை, ஒரு துளிகூட மேலே வரவில்லை. ஜெபதுரை அண்ணன் மாட்டிய ட்ராப்புகளில்கூட இத்தனை சுத்தமாக நாற்றம் நிற்பதை நான் பார்த்ததில்லை. தரை காய்ந்து வெள்ளை வெளேர் என்று கிடக்கிறது. அத்தை செருப்பில்லாமல் இறங்கலாம். விரும்பினால் படுத்தும் பார்க்கலாம்.

ஆகவே தாங்கள் வெள்ளிக்கிழமை வெள்ளனே புறப்பட்டு வரவும். கம்பளி கொண்டு வரவும். பாலசமுத்திரத்தாருக்கு எந்தத் தாக்கலும் அனுப்ப வேண்டாம். அவருக்குத் தென்னந்தோப்பு இருக்கலாம், பம்பு செட்டு இருக்கலாம். அந்த பம்பு ரிப்பேர் ஆனால் அவர் வேறு ஆளைத்தான் கூப்பிட வேண்டும். என் வீட்டில் எது கெட்டாலும் நானே சரிசெய்வேன் என்பதற்கு இந்தக் கடிதமே சாட்சி.

அத்தைக்கும் கடையில் எல்லோருக்கும் என் வணக்கங்கள். தங்கள் கால் தொட்டு ஆசி கேட்டு நிற்கும்,

மருமகன்
வே. வேலுமணி

பின்குறிப்பு: கண்மணி, இங்கே நிறுத்து. கையெழுத்தோடு கடிதம் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, தாளை மடித்துக்கொண்டு உள்ளே போய் மிச்சத்தை வாசி. மாமாவுக்குக் கண்புரை எடுத்த நாளிலிருந்து என் கடிதங்களைச் சத்தமாக வாசித்துக் காட்டுபவளும், அவர் சொல்லச்சொல்லப் பதில் எழுதுபவளும் நீதான் என்று எனக்குத் தெரியும். எலிப்பொறியோடு வந்த கடிதத்தின் ஓரத்தில் ஓர் எலி உட்கார்ந்து டிப்ளமோ வாசிக்கிற மாதிரிப் படம் போட்டிருந்தது. அதை மாமா சொல்லி எழுத முடியாது. நீ பி.யூ.சி. தேறியவள், அங்குலம் என்ற சொல் கண்ணில் படாதவள் அல்ல. அதைப் பற்றித் தனியாகச் சண்டை போட்டுக்கொள்ளலாம். இப்போது மணி ஒன்று நாற்பது. மேலே எழுதியது அத்தனையும் பத்தரை மணி நிலவரம். கிழித்துப் போட்டு வேறு எழுத நேரமில்லை, மூன்றரைக்குத் தபால் பை கட்டிவிடுவார்கள்.

பதினொரு மணிக்கு மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை, இரண்டு மணி நேரம் கூரையை இடி இடியென்று இடித்தது. மணி ஒன்றுக்குக் கீழறைக்கு இறங்கினேன். கடைசிப் படியில் கால் வைத்தால் கணுக்கால் வரை தண்ணீர். சுவர்க் கசிவு அத்தனையும் என் வாட்டத்தில் அழகாக ஓடி வந்து, என் ட்ராப்பின் மேல் கூடி, அங்கேயே நிற்கிறது. ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. மழைக்கு ஒதுங்கிய ஜெபதுரை அண்ணன் படியில் நின்று பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, உள்ள வச்ச துணிய எடுத்தீங்களா?"

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மழை பெய்கிறதே என்றுகூடப் பார்க்காமல் வாசலுக்கு ஓடிப் போய்ச் சிரித்துவிட்டு வந்தார். பெரிய மனிதர், என் முன்னால் சிரிக்கவில்லை. நாற்றம் ஏன் அத்தனை சுத்தமாக நின்றது என்று உனக்கும் இப்போது புரிந்திருக்கும்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. நான் 'ஒரு துணி' என்று எழுதினேன் அல்லவா? நல்ல அடர்த்தியான நெசவாகத் தேடியதில் கைக்கு அகப்பட்டது, போன வாரம் தீபாவளிக்கு உன் அம்மா எனக்கு எடுத்து அனுப்பிய எட்டு முழ வேட்டி. மயில்கண் கரை. இப்போது அது ஐந்து நாளாகச் சிமெண்டுக்குக் கீழே, சாக்கடைக் குழாயின் வாயில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அதைக் கட்டிக்கொண்டு நிற்கிறேனா என்றுதான் அத்தை முதலில் பார்ப்பார்.

யோசித்து முடிவுக்கு வந்துவிட்டேன். இனி நான் செய்யப்போவது:

1. இன்று சாயங்காலத்துக்குள் புது ட்ராப்பை உடைத்து எடுத்து வேட்டியை வெளியே இழுப்பது. உடைப்பதும் இழுப்பதும் ஜெபதுரை அண்ணன். நான் விளக்குப் பிடிப்பேன். வாயைத் திறக்கக் கூடாது என்பது அவர் போட்ட கண்டிஷன். ஒப்புக்கொண்டேன்.

2. வேட்டியை டீச்சர் வீட்டுக் கல்லில் துவைப்பது. அவரே கல்லைக் கொடுத்தார், "கொண்டாலே, நானும் பாக்கணும்" என்று.

3. புதுக் கலவை இறுகக் குறைந்தது ஐந்து நாள் வேண்டும், வெள்ளிக்கிழமைக்கு இருப்பது மூன்றே நாள். பலகையைப் போட்டு மறைக்கலாம் என்று முதலில் நினைத்தேன். வேண்டாம். மாமாவும் அத்தையும் பஸ்ஸை விட்டு இறங்கியவுடனே, தரை ஈரம், காரணம் நான், வேட்டி இன்ன இடத்தில் இருந்தது என்று நானே சொல்லிவிடுவேன். அத்தை அடுத்த பஸ்ஸில் பாலசமுத்திரத்துக்கே போனாலும் சரி.

4. அவர் திட்டி முடிக்கும் வரை குறுக்கே பேசாமல் இருப்பது. (ஒன்றாம் எண்ணில் பழகிக்கொள்வேன்.)

5. பெண் கேட்டது மாமாவிடம். சம்மதம் சொல்ல வேண்டியது அத்தை. என்னைப் பற்றி விசாரிக்கப்போவது டீச்சரிடம். இரண்டு வருஷமாக உன்னிடம் மட்டும் யாரும் எதையும் கேட்கவில்லை, என்னையும் சேர்த்து. மாமாவைக் கைபிடித்துக் கூட்டி வர ஆள் வேண்டும் என்று சொல்லி நீயும் கிளம்பி வா, வெள்ளிக்கிழமை நான் கேட்பேன். எல்லோரும் மேலே கூடத்தில் காபி குடிக்கும்போது நீ கீழறையைப் பார்க்க வருகிறேன் என்று படி இறங்கி வா. தண்ணீர் வடிந்திருந்தால் நல்லது. வடியாவிட்டால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதிலேயே நின்று கேட்பேன்.